எரிக்கிற லேசர் எப்படி இவ்வளவு வழுவழுப்பான ஆடியைச் செய்கிறது?

ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் ஆக்ரிலிக் பெயர்ப்பலகை வெட்டித் தரும் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு லேசர் இயந்திரம்தான். மூடிக்கு அடியில் சிவப்புப் புள்ளி நகரும், கூடவே புகை எழும். மரப்பலகையில் பெயர் பொறித்தால் எழுத்து கருகித்தான் வரும். வெட்டிய ஓரத்தைத் துணியால் துடைத்த பிறகே கையில் கொடுப்பார்கள்.

இதே வகை லேசரைக் கொண்டுதான், மேடுபள்ளம் ஓர் அணுவின் அளவைத் தாண்டாத குட்டி ஆடிகளை இயற்பியல் ஆய்வகங்களில் உருவாக்குகிறார்கள். 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது முதல் ‘குவாண்டம் வலையமைப்பு’, ‘ஒற்றை ஃபோட்டான்’, ‘நுண்ணாடி’ போன்ற சொற்கள் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. அவற்றைப் படிக்கும் நம் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கு எழும் கேள்வி நியாயமானது. கருக்கி வெட்டுகிற கருவி எப்படி மெருகேற்றும்?

சுருக்கமான விடை: அங்கே லேசர் மெருகேற்றுவதில்லை. அது கண்ணாடியை உருக்குகிறது, கொஞ்சம் ஆவியாக்குகிறது. மெருகேற்றும் வேலையை உருகிய கண்ணாடியே தனக்குத் தானே செய்துகொள்கிறது. விரிவான விடைக்கு அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

இந்தக் கட்டுரையில் ‘கண்ணாடி’ என்பது பொருளை மட்டும் குறிக்கும். முகம் காட்டுவது ‘ஆடி’. எதிரெதிரே வைத்த இரண்டு ஆடிகளும் அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியும் சேர்ந்தது ‘ஒளியறை’.

எதிரெதிர் ஆடிகள்

சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால் முன்னாலும் பின்னாலும் ஆடி இருக்கும். நம் தலை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆனால் ஏழெட்டு பிம்பத்துக்குப் பிறகு எல்லாம் மங்கி, பச்சையடித்துப் போகும். காரணம், ஒவ்வொரு முறை பட்டுத் திரும்பும்போதும் ஒளியில் ஒரு பங்கு தொலைகிறது. ஓர் ஆடி 90 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இருபது முறை பட்டுத் திரும்பினால் மிஞ்சுவது 12 சதவீதம்தான்.

ஆய்வகத்துக்குத் தேவையான ஆடி 99.99 சதவீதத்துக்கும் மேலே திருப்ப வேண்டும். இழப்பைச் சதவீதத்தில் சொன்னால் பின்னங்கள் நீளும் என்பதால், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். 99.999 சதவீத ஆடி என்றால் பத்து லட்சத்தில் 10 பங்கு இழப்பு. அந்த ஆடிகளுக்கு நடுவே ஒளி ஒரு லட்சம் முறை பட்டுத் திரும்பிய பிறகும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

ஓர் ஒளியறை எவ்வளவு நேரம் ஒளியைப் பிடித்து வைக்கும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ‘ஃபினெஸ்’ என்று பெயர். ஒளி ஒரு முறை போய்த் திரும்பும்போது ஏற்படும் மொத்த இழப்பால் 6.28-ஐ வகுத்தால் இந்த எண் கிடைத்துவிடும். இழப்பு பாதியானால் ஃபினெஸ் இரட்டிப்பாகும். எதிரெதிர் ஆடிகளை அளவுக் கருவியாக்கும் முறையை 1890-களின் கடைசியில் உருவாக்கியவர்கள் பிரான்சின் சார்லஸ் ஃபேப்ரியும் ஆல்ஃபிரெட் பெரோவும். இன்றும் இந்த அமைப்புக்கு அவர்கள் பெயர்தான்.

ஏன் குட்டியாக, ஏன் குழியாக?

பெரிய ஆடியிலும் ஒளியைப் பிடித்து வைக்கலாம். ஈர்ப்பலைகளைக் கண்டறியும் லைகோ கருவியின் ஆடி 34 சென்டிமீட்டர் குறுக்களவும் 40 கிலோ எடையும் கொண்டது. பிறகு எதற்கு மயிரிழை அகலத்தில் ஆடி?

1. ஆய்வாளர்கள் ஓர் ஒற்றை அணுவையோ வைரத்துக்குள் இருக்கும் ஒரு குறையையோ (அணு வரிசையில் உள்ள பிசகு) ஒளியோடு பேச வைக்கப் பார்க்கிறார்கள். அணு மிகச் சிறியது. அகன்ற கற்றையில் பெரும்பகுதி அதைத் தொடாமலே போய்விடும்.

2. ஆகவே ஒளியைச் சின்ன இடத்துக்குள் அடைக்க வேண்டும். அறையின் கன அளவு குறையக் குறைய, அதற்குள் இருக்கும் அணு ஒளியை உமிழும் வேகம் கூடும் என்று 1946-இலேயே எட்வர்டு பர்செல் காட்டினார். ‘பர்செல் விளைவு’ என்பது இதுதான். உமிழும் ஒளி கண்ட திசையெல்லாம் சிதறாமல் அறையின் அச்சு வழியே வருவது கூடுதல் லாபம்.

3. தட்டையான இரண்டு ஆடிகளை வைத்தால் ஒளி போகப் போக விரியும். நூலளவு சாய்ந்திருந்தாலும் சில முறை பட்டதும் பக்கவாட்டில் வெளியேறிவிடும். குழி ஆடி ஒவ்வொரு முறையும் கற்றையைத் திரும்பக் குவிக்கிறது. ஒன்று தட்டை, மற்றொன்று குழி என்றால் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் குழி ஆடியின் வளைவு ஆரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒளி உள்ளே தங்காது.

4. இடைவெளி 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வளைவு ஆரம் 100 மைக்ரான், ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று எடுத்துக்கொண்டால், கற்றையின் ஆரம் அதன் ஒடுங்கிய இடத்தில் சுமார் மூன்றரை மைக்ரானாகவும் குழி ஆடியின் மேல் சுமார் நாலரை மைக்ரானாகவும் வரும். ஆடியின் ஆரம் இதைப்போல் மூன்று மடங்கு இருந்தால் போதும், ஓரத்தில் வழியும் ஒளி பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

ஆக, 30 மைக்ரான் அகலமும் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல் ஆழமும் கொண்ட ஒரு கிண்ணம் போதும். இணையக் கேபிளுக்குள் ஓடும் கண்ணாடி இழையின் குறுக்களவு 125 மைக்ரான். அதன் வெட்டுமுகத்திலேயே இந்தக் கிண்ணம் தாராளமாக அடங்கும். அப்படிச் செய்தால் இழை வழியாக ஒளியை உள்ளே அனுப்பவும் வெளியே எடுக்கவும் தனியாக எந்த லென்சும் வேண்டாம். இந்த வசதிதான் ‘இழை முனை ஆடி’ என்ற துறையையே உருவாக்கியது.

கிண்ணம் பிறக்கும் விதம்

உச்சிப்புளி, மண்டபம் சாலையோரத்தில் அறுந்த ஃபைபரை ஒட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் உறையை உரித்து, இழையை ஆல்கஹாலில் துடைத்து, க்ளீவரில் வைத்து ஒரே அழுத்தில் முனையை நேராக ஒடிப்பார்கள். பிறகு ஸ்பிளைசிங் மெஷினில் இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்து மூடுவார்கள். திரையில் இரண்டு முனைகளும் நெருங்கும், ஒரு மின்பொறி வெட்டும், நடுவே இருந்த கோடு மறைந்துவிடும். கண்ணாடி உருகி, தானே ஒன்றுசேர்ந்து, மட்டமாகிவிட்டது. ஆய்வகத்தில் நடப்பதும் இந்த உருகலே. மின்பொறிக்குப் பதில் லேசர், ஒட்டுவதற்குப் பதில் ஒரு பள்ளம்.

முறை இப்படிப் போகும்:

1. இழையை உரித்துத் துடைத்து ஒடிக்கிறார்கள். ஒடித்த முகம் சாய்ந்திருந்தால் அந்தத் துண்டு கழிவு.

2. நுண்ணோக்கியின் கீழ் முகத்தின் நடுப்புள்ளியைக் குறிக்கிறார்கள். பள்ளம் இழையின் மையத்தில் விழுந்தால்தான் இழை வழி வரும் ஒளி அறைக்குள் நேராகப் போகும். மைக்ரான் கணக்கில் பிசகினாலும் ஒளியின் ஒரு பங்கு வீண்.

3. கார்பன் டை ஆக்சைடு லேசரின் கற்றையைத் துத்தநாக செலினைடு லென்சால் குவிக்கிறார்கள். பெயர்ப்பலகைக் கடை இயந்திரத்தின் தலையில் இருக்கும் மஞ்சள் நிற லென்சும் இந்தப் பொருள்தான். சாதாரணக் கண்ணாடி லென்சை அங்கே வைக்க முடியாது, ஏனென்றால் 10.6 மைக்ரான் அகச்சிவப்பை அது விழுங்கிவிடும்.

4. அந்த விழுங்கும் குணம்தான் இங்கே மூலதனம். சிலிக்கா கண்ணாடிக்குள் சிலிக்கானும் ஆக்சிஜனும் பிணைந்திருக்கும் பிணைப்பு, இந்த அலைநீளத்துக்குப் பக்கத்தில்தான் அதிர்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கிலோமீட்டர் கணக்கில் கடத்தும் அதே பொருள், அகச்சிவப்பை மேற்பரப்பிலேயே நிறுத்திவிடுகிறது. வெப்பம் முழுவதும் மேல் அடுக்கில் தங்கும்.

5. ஒரு வாட் அளவு திறனில், சில பத்து மில்லிவினாடி நீளும் ஒரே துடிப்பு. நடுவில் வெப்பம் அதிகம், ஓரத்தில் குறைவு. நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் கண்ணாடி ஆவியாகிறது. கிண்ணத்தின் வடிவம் இப்படி வருகிறது.

6. ஆவியாகாமல் மிஞ்சிய மேல் அடுக்கு ஒரு கணம் உருகிய நிலையில் நிற்கும். அப்போது பரப்பு இழுவிசை வேலை செய்கிறது. திரவம் தன் மேற்பரப்பைக் குறைத்துக்கொள்ளவே பார்க்கும், ஆகவே மேடுகள் தணிந்து பள்ளங்கள் நிரம்பும். மேடுபள்ளம் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு சீக்கிரம் அது மட்டமாகும். முப்பது மைக்ரான் அகலக் கிண்ணம் கலைவதற்கு அந்த நேரம் போதாது. நானோமீட்டர் அளவுச் சொரசொரப்பு மறைவதற்கு அது தாராளம். துடிப்பு நின்றதும் கண்ணாடி அப்படியே உறைகிறது.

இந்த ஆறாவது படிதான் முழு முறையின் உயிர். வைரமுனை கொண்டு கடைந்தால் கடைசல் வரி நிற்கும். அயனிக் கற்றையால் செதுக்கினால் வடிவம் துல்லியமாக வரும், ஆனால் முகம் இந்த அளவுக்கு வழுவழுப்பாக அமைவது கடினம். உருகி உறைந்த முகத்தில் கருவி தொட்ட தடமே கிடையாது.

கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் படித்த குமார் பட்டேல். நம் ஊர்க் கடைகள் வரை வந்து சேர்ந்திருக்கும் இந்தக் கருவியின் பின்னால் இருப்பவர் யார் என்று பாடப்புத்தகங்களில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

0.2 நானோமீட்டர் என்றால் என்ன பொருள்?

முகத்தில் எஞ்சும் சொரசொரப்பு ஒளியைச் சிதறடிக்கும். எவ்வளவு என்று கணக்கிட எளிய வழி உண்டு. சொரசொரப்பை 12.57-ஆல் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்து, வருவதை இருமடியாக்கினால் சிதறல் பங்கு கிடைக்கும்.

780 நானோமீட்டர் ஒளிக்குச் சொரசொரப்பு 1 நானோமீட்டர் என்றால் சிதறல் பத்து லட்சத்தில் சுமார் 260 பங்கு. 0.2 நானோமீட்டர் என்றால் 10 பங்கு. சொரசொரப்பு ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் சிதறல் இருபத்தைந்தில் ஒன்றாகிறது. 1 நானோமீட்டர் முகம் கொண்ட இரண்டு ஆடிகளை எதிரெதிரே வைத்தால், வேறு எந்த இழப்பும் இல்லாவிட்டாலும் ஃபினெஸ் 12,000-ஐத் தாண்டாது.

2010-இல் மியூனிக், பாரிஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், லேசரால் பள்ளமிட்ட இழை முனைகளில் சொரசொரப்பு 0.2 நானோமீட்டர் அளவிலும் ஃபினெஸ் 1,30,000-க்கு மேலும் வந்தது. ஓர் ஆடிக்கு எல்லா இழப்பும் சேர்த்துப் பத்து லட்சத்தில் 24 பங்குதான். 40 மைக்ரான் இடைவெளியில் அந்த ஃபினெஸ் கிடைத்தால், உள்ளே புகுந்த ஒளி வெளியேறுவதற்குள் சராசரியாக ஒன்றரை மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும்.

பூச்சு என்ற தனி உலகம்

லேசர் செய்வது கிண்ணத்தை மட்டும். வெறும் சிலிக்கா முகம் காற்றில் 3.5 சதவீதம் ஒளியையே திருப்பும். அதை ஆடியாக்குவது பூச்சு. டான்டலம் ஆக்சைடும் சிலிக்காவும் மாறி மாறி முப்பது, நாற்பது அடுக்குகளாகப் படியும். ஒவ்வோர் அடுக்கும் அந்தப் பொருளுக்குள் ஒளியின் அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு தடிமன், அதாவது 780 நானோமீட்டர் ஒளிக்கு முறையே சுமார் 93, 134 நானோமீட்டர். ஒவ்வோர் எல்லையிலும் திரும்பும் சிறு ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறும்.

இந்தப் பூச்சை அயனிக் கற்றை முறையில் இந்தத் தரத்தில் போடும் இடங்கள் உலகிலேயே குறைவு. என் கணிப்பில், இந்தத் துறையில் நுழைய நினைக்கும் எந்த ஆய்வகத்துக்கும் உண்மையான தடை லேசர் அல்ல, பூச்சுதான். செய்திகளில் லேசருக்குக் கிடைக்கும் வெளிச்சம் பூச்சுக்குக் கிடைப்பதே இல்லை.

தீராத சிக்கல்கள்

- கிண்ணம் உண்மையான கோளத்தின் துண்டு அல்ல. லேசர் கற்றையின் வெப்பப் பரவலைப் பின்பற்றி மணி கவிழ்ந்த வடிவில் இருக்கும். நடுப்பகுதி மட்டும் கோளத்துக்கு ஒத்துவரும். இடைவெளியைக் கூட்டினால் கற்றை அகன்று, ஒத்துவராத ஓரத்தைத் தொட்டு ஒளி கசியும்.

- கற்றை துல்லியமான வட்டமாக இல்லாவிட்டால் கிண்ணம் நீள்வட்டமாகும். அப்போது ஒளியின் அதிர்வுத் திசையைப் பொறுத்து அறையின் ஒத்ததிர்வு (உள்ளே ஒளி வலுப்பெற்றுத் தங்கும் அலைநீளம்) இரண்டாகப் பிரியும். இந்த அதிர்வுத் திசையில், அதாவது முனைவாக்கத்தில், தகவலை ஏற்றி அனுப்பும் குவாண்டம் தொடர்புக்கு இது நேரடித் தொல்லை. ஒரே துடிப்புக்குப் பதில் இழையைத் திருப்பித் திருப்பிப் பல சிறு துடிப்புகள் கொடுத்து இதைக் குறைக்கிறார்கள்.

- வெப்பம் ஓரம் வரை பரவினால் இழையின் விளிம்பு உருண்டுவிடும்.

- பூச்சு மின்காப்புப் பொருள். அதில் மின்னூட்டம் தங்கினால், பக்கத்தில் மின்புலத்தால் பிடித்து வைத்த அயனி இடம் பெயரும். வெற்றிடத்தில் சூடுபடுத்தினால் டான்டலம் ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து ஒளியை உறிஞ்சத் தொடங்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது அதிர்வு. ஃபினெஸ் 1,30,000 என்றால் ஒத்ததிர்வு நிலைக்க, இடைவெளி 0.003 நானோமீட்டருக்குள் நிற்க வேண்டும். அது ஓர் அணுவின் அளவில் சில சதவீதம் மட்டுமே. மண்டபத்தில் அப்படியோர் ஆய்வகம் அமைத்தால் பாம்பன் பாலத்தை நோக்கிப் போகும் ரயிலும், கச்சான் காற்றில் தென்கடல் எழுப்பும் அலையும் தரை வழியாக அந்த அறைக்குள் வந்துவிடும். அதிர்வைத் தடுக்கும் மேசையும், இடைவெளியை நொடிக்குப் பல்லாயிரம் முறை சரிசெய்யும் மின்னணுவும் இல்லாமல் ஒன்றும் நடக்காது. உப்புக் காற்று வேறு. பூச்சின் மேல் ஒரே ஓர் உப்புத் துகள் ஒளி படும் இடத்தில் உட்கார்ந்தால் அந்த ஆடியின் கதை முடிந்தது.

நம் கடலுக்கு என்ன பயன்?

இழை முனை ஆடி பற்றிய செய்திகள் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன. குழப்பத்தின் வேர் இதில்தான் இருக்கிறது.

முதலாவது, மேலே பார்த்த உயர் ஃபினெஸ் ஒளியறை. ஒற்றை ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக) தருவது, அயனிகளை இழை வழியே இணைப்பது, வைரத்தில் நைட்ரஜன் குறை தரும் பயனுள்ள ஒளியை உயர்த்துவது போன்றவை இதன் வேலை. அந்தக் குறை உமிழும் ஒளியில் குவாண்டம் தொடர்புக்கு உதவும் பங்கு மூன்று சதவீதம் அளவுதான், அதைக் கூட்ட ஒளியறை வேண்டும். இவை வெற்றிடப் பெட்டிக்குள் நடப்பவை. கடலில் இறக்க முடியாது.

இரண்டாவது, அதே இழை முனையில் அமையும் எளிய உணரி. இரண்டு கண்ணாடி முகங்கள், நடுவே 100 மைக்ரான் திறந்த இடைவெளி, அதற்குள் கடல்நீர். நீரில் உப்பு கூடினால் அதன் ஒளிவிலகல் எண் கூடும், ஒரு கிலோ நீரில் ஒரு கிராம் உப்புக்குச் சுமார் 0.00018. அதற்கேற்ப 1,550 நானோமீட்டர் ஒளியில் ஒத்ததிர்வு 0.2 நானோமீட்டர் அளவு நகரும். நல்ல நிறமாலைக் கருவி இதை எளிதில் படிக்கும். இங்கே பூச்சே தேவையில்லை. நீருக்குள் வெறும் முகம் 0.2 சதவீதம்தான் திருப்பும், இருந்தாலும் அளக்க அது போதும். அணு அளவு வழுவழுப்பும் இங்கே வேண்டாம். லேசரும் ஸ்பிளைசிங் மெஷினும் நுண்ணோக்கியும் உள்ள ஒரு கல்லூரி ஆய்வகம் இதைச் செய்து பார்க்கலாம், செய்து பார்க்க வேண்டும் என்றே சொல்வேன்.

ஆனால் மூன்று விஷயங்களைக் கணக்கில் எடுக்காமல் இறங்கக் கூடாது.

1. வெப்பம். நீரின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒளிவிலகல் எண் சுமார் 0.0001 குறையும். அதாவது ஒரு டிகிரி மாற்றம், பாதி கிராமுக்கு மேல் உப்பு குறைந்ததுபோலக் காட்டும். பக்கத்திலேயே மூடிய இடைவெளி கொண்ட இன்னொரு இழையை வெப்பத்துக்கென்று வைத்து அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும்.

2. பாசி. மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் எந்தப் பரப்பிலும் முதலில் வழவழப்பான படலம், பிறகு பாசி, பிறகு கொட்டலசு என்று ஏறிவிடும். 100 மைக்ரான் இடைவெளியை அடைக்கப் படலமே போதும். செப்பு வலை சுற்றினால் ஏறுவது தாமதமாகும்.

3. உப்பளத்தில் சிக்கல் வேறு. வாலிநோக்கம் போன்ற அளங்களில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு உப்புநீரின் செறிவை டிகிரியில் பார்ப்பார்கள் (இது வெப்பத்தின் டிகிரி அல்ல). உப்பு விளைவது 24, 25 டிகிரியை ஒட்டி. அந்தச் செறிவில் கொட்டலசு வாழாது. ஆனால் அதற்கு வெகுமுன்பே, 13, 14 டிகிரி முதல் ஜிப்சம் படியத் தொடங்கும். பாத்தியின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவம் இழை முனையிலும் படியும். ஆகவே உணரியை உப்புநீருக்குள் நிரந்தரமாக விட்டுவைக்க முடியாது. அளக்கும்போது இறக்கி, எடுத்தவுடன் நன்னீரில் அலச வேண்டும்.